முதுகு ராசி

என்னைக் கால்பந்து ரசிகன் என்று யாராவது சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். எங்கள் பேட்டை டீம் எங்கே ஆடினாலும் போகிறவன்தான். ஆனால் நம் ஆட்கள் கோல் போட்டதை ஒரு தடவைகூட என் கண்ணால் பார்த்ததில்லை. காரணம் ரொம்ப எளிது. நான் மேளக்காரன். மேளம் அடிப்பவன் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நின்றால்தான் கூட்டம் ஒரே தாளத்தில் கத்தும். அதனால் ஆட்டத்துக்கு எப்போதும் என் முதுகுதான்.

பிழைப்பு மேளம் இல்லை. துறைமுகத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுக் கப்பலோடு இறுக்கிக் கட்டுகிற வேலை. அந்தக் கை என்பதால் அடி கொஞ்சம் பலமாகவே விழும். வியாசர்பாடியில் கல்யாணமானாலும் சாவானாலும் மேட்சானாலும் மேளம் ஒன்றுதான், அடிதான் வேறு. மூன்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது மேட்ச். அங்கேதான் அழுகையும் சிரிப்பும் ஒரே நாளில் கிடைக்கும்.

பார்க்கவில்லை என்பதால் ஆட்டம் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எதிரே நிற்கிற முகங்களில் எல்லாம் இருக்கும். ராயபுரத்திலிருந்து ஒரு அண்ணன் வருவார். மாதா கோயில் திருவிழா பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர். எங்கள் கூட்டத்துக்கும் அவர்தான் ஊதுவார். அவர் சிலுவை போட்டுக்கொண்டால் பந்து நம் கோல் பக்கம் வந்துவிட்டது என்று பொருள். அவசரமாக இரண்டு தடவை போட்டால் கார்னர். இன்னொருவன் எங்கள் தெருவில் ஆட்டோ மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன், என் தோஸ்து. அவன் சட்டைக் காலரைக் கடித்தால் நம் ஆட்கள் எதிராளி கோலை நெருங்குகிறார்கள். காலரை விட்டு வாயைத் திறந்தான் என்றால் கோல். இப்படியே பழகிவிட்டதால் டிவியில் மேட்ச் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிப்பேன்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். அங்கேதான் வந்தது வினை. எங்கள் பேட்டை மைதானத்தில் ஒரு ஃபைனல். கூட்டம் போட்ட கூச்சல் தாங்காமல் திரும்பினேன். நான் திரும்பி முடிப்பதற்குள் பந்து நம் வலைக்குள் கிடந்தது. அடுத்த ஆட்டத்தில் கழுத்தில் கொசு கடித்தது என்று திரும்பினேன், ரெஃப்ரி நமக்கு எதிராக பெனால்டி கொடுத்தான். அதற்கடுத்து மாதவரத்தில் ஒரு டோர்னமெண்ட். டீக்காரரிடம் கிளாஸ் வாங்குவதற்காகத் திரும்பியபோது நம் டிஃபென்ஸ் ஆளே நம் கோலில் பந்தைத் தட்டிவிட்டான். அன்றைக்கே எல்லோரும் கூடித் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். "மாமு, உன் முதுகு தான் நமக்கு ராசி. நீ திரும்பவே கூடாது."

எங்கள் பேட்டையில் பகுத்தறிவு பேசுகிறவர்கள் ஏராளம், நானும் ஒருவன். ராகு காலம் பார்த்துத்தான் எந்தக் காரியமும் தொடங்குவேன், வேண்டுமென்றே அந்த நேரத்தில். ஜோசியக்காரனைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். ஆனால் முதுகு விஷயத்தில் மட்டும் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

அப்படியே காலம் ஓடியிருக்கும். மாட்டிக்கொண்டது என் மகளால்.

அவள் எங்கள் பேட்டை பெண்கள் டீமில் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் எதிராளியைத் தடுக்கிறவள். பிராக்டிஸில் அவள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். மேட்ச் என்று வந்துவிட்டால் நான் மேளத்தை மாட்டிக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றுவிடுவேன். இந்த வருஷம் டீம் வெளியூர் போய் ஆடுகிற லீக்கில் சேர்ந்தது. லீக் தொடங்கியதிலிருந்து இவள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் ஒரு ஆட்டம். டீம் முந்தின நாளே போய்விட்டது. அன்று சாயங்காலம் போன் வந்தது.

"நைனா, நாளைக்கு மொதல்ல இருந்தே நான் தான் எறங்கறேன். என் எடத்துல ஆடற அக்காவுக்கு கால் சுளுக்கிக்கிச்சு."

என் மனைவிக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவளே தொடர்ந்தாள்.

"நீங்கல்லாம் வர்றதுக்கு ரயிலு டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல? வா. ஆனா திரும்பிடாத நைனா. என் மேட்சுல உன் முதுகு தான் வோணும்."

"நீ ஆடறத நான் பாக்க வேணாமா கண்ணு?"

"அத்த அப்பால பாத்துக்கலாம். நாளைக்கு நீ திரும்புன, நான் வூட்டுக்கே வரமாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பெற்ற பெண் முதல் தடவையாகப் பெரிய ஆட்டத்தில் இறங்குகிறாள். அதைப் பார்க்காதே என்று அவளே சத்தியம் வாங்குகிறாள். இந்தக் கூத்து வேறு எந்த அப்பனுக்காவது நடந்திருக்குமா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அரிசியில் ஒரு பிடி குறைந்தால் தராசு சொல்லும், பேச்சில் ஒரு பிடி கூடினால் அவள் சொல்லுவாள். நான் எங்கே எந்தக் கதையை ஆரம்பித்தாலும் "பீலா வுடாதய்யா" என்று நடுவிலேயே நிறுத்துவாள். அதுவரை எந்த மேட்சுக்கும் வந்ததில்லை. ஃபுட்பால் என்றால் அவளுக்குத் துவைக்க வேண்டிய துணி, தேய்க்க வேண்டிய தைலம். அவ்வளவுதான்.

"நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"பெத்தவன் முதுக காட்டிக்கினு நிப்ப. பெத்தவளாவது மூஞ்சிய காட்டணும்ல."

நான் எழுந்துபோய்ப் பரணிலிருந்து டிபன் கேரியரை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பெரம்பூர் ஸ்டேஷன். சென்ட்ரலில் கிளம்பும்போதே ஜெனரல் பெட்டி நிரம்பித்தான் வரும். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. வண்டி நின்றதும் முதலில் மேளம் ஏறும், அப்புறம்தான் ஆள். ஆளைத் தள்ளிவிடுகிற ஜனம் மேளத்தைத் தள்ளாது. சாவுக்குப் போகிறார்கள் போலிருக்கிறது, பாவம் என்று ஒதுங்கி வழிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். மேளத்துக்குப் பின்னாலேயே டிரம்பெட், அதன் பின்னால் நாங்கள் எல்லோரும் ஏறிவிட்டோம். உள்ளே ஒரு அம்மா மெக்கானிக்கிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருப்பா தவறிட்டாங்க?"

"இன்னும் இல்லம்மா. சாயங்காலம் தான் தெரியும்" என்றான் அவன்.

என் மனைவி அவனை முறைத்த முறைப்பில் ஆவடி வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை.

ஆவடி தாண்டியதும் நாஸ்டா. என் மனைவி கட்டி வந்த எலுமிச்சை சோறு, ராயபுரம் அண்ணன் வீட்டிலிருந்து வந்த நெத்திலி வறுவல். அந்த வறுவலின் வாசனைக்குப் பெட்டியே எங்களோடு சிநேகமாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தார். இரண்டு நெத்திலி உள்ளே போனதும் அவரும் திரும்பினார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மெட்ராஸ் வந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்.

"எங்க ஊருக்கா ஆட வரீங்க?" என்றார். "எங்க ஏரியா டீமு கூடவா? அப்ப தோத்துட்டுத்தான் போவீங்க."

அவ்வளவுதான், பெட்டி சூடு பிடித்துவிட்டது. ராயபுரம் அண்ணன் டிரம்பெட்டை எடுத்து ஜன்னல் பக்கமாக ஊதினார். நான் மேளத்தில் விரலால் மட்டும் தாளம் போட்டேன். ஓடுகிற ரயிலுக்கே ஒரு தாளம் உண்டு, அதோடு சேர்ந்துகொண்டால் கை வலிக்காது. அரக்கோணம் வருவதற்குள், யாருக்குச் சாவு என்று கேட்ட அம்மாவே கைதட்டிக்கொண்டிருந்தார். நான் உற்சாகத்தில் பெங்களூர்ப் பெரியவருக்குப் பழைய ஆட்டம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன்.

"கடைசி நிமிஷம் சார். நம்ம பையன் நடு கிரவுண்டுல இருந்து ஒரே ஒதை. பால் அப்படியே மேல போயி, வளைஞ்சி..."

"நீ தான் பாக்கலியே" என்றாள் என் மனைவி, சோற்றுப் பாத்திரத்தைத் துடைத்தபடி. "பீலா வுடாதய்யா."

பெரியவர் புரியாமல் பார்த்தார். அப்புறம் முழுக் கதையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. மேளம், முதுகு, கொசு, டீ கிளாஸ், நேற்று வந்த போன், சத்தியம், எல்லாம். அவர் சிரிக்காமல் கேட்டார். பக்கத்து சீட்டுக்காரர்கள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காட்பாடியில் டீ குடித்து முடித்ததும் மெக்கானிக் தன் பையைத் திறந்தான். துணியில் சுற்றி எதையோ எடுத்தான். பிரித்தால், ஒரு ஆட்டோவின் சைடு கண்ணாடி, கம்பியும் கிளாம்பும் சேர்த்து.

"மாமு, உனுக்கோசரம் ராத்திரி பூரா யோசிச்சேன். இத்த மேளத்து வளையத்துல மாட்றேன். நீ பாட்டுக்கு முதுக காட்டிக்கினு அடி. பொண்ணு ஆடறது கண்ணாடில தெரியும். திரும்பவும் வேணாம், சத்தியமும் போவாது."

நான் கண்ணாடியை வாங்கி மேளத்து வளையத்தில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சுலபமான வழி இத்தனை வருஷமாக எவனுக்கும் தோன்றவில்லையே!

ராயபுரம் அண்ணன் தலையாட்டி மறுத்தார். "அது தப்புப்பா. கண்ணாடில பாத்தாலும் பாத்தது பாத்தது தான். மேல இருக்கறவருக்கு தெரியாதா?"

"இன்னாண்ணே நீ? ஆட்டோக்காரன் பின்னாடி வர்ற வண்டிய கண்ணாடில தான பாக்கறான். அவன் இன்னா திரும்பிக்கினா ஓட்றான்?"

இப்படியே வாணியம்பாடி வரை வாதம் நடந்தது. மலை எல்லாம் ஜன்னலில் வந்து போனது, யாரும் கவனிக்கவில்லை. என் மனைவி எந்தப் பக்கமும் சேரவில்லை. கண்ணாடியை வாங்கித் தன் பொட்டைச் சரிசெய்துகொண்டு திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் எல்லோரும் ஜன்னலோரப் பெரியவரைப் பார்த்தோம். மூன்றாவது மனுஷர், வயசானவர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் வேறு. அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"திரும்பறதுன்னா கழுத்து திரும்பணும். கழுத்து திரும்பலன்னா அது திரும்பினது ஆகாது. தாராளமா கண்ணாடி மாட்டலாம்" என்று தீர்ப்பு சொன்னார்.

மெக்கானிக் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஜோலார்பேட்டையில் அவருக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தோம். ஆசை யாரை விட்டது? எனக்கும் அந்தத் தீர்ப்பு இனித்தது.

பெங்களூரில் இறங்கி நேராக மைதானம். பெண்கள் ஆட்டம் என்பதால் டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. படிக்கட்டு கேலரியில் ஆங்காங்கே சிலர் நிழல் தேடி உட்கார்ந்திருந்தார்கள். வாசல் காவலர் என் மேளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மேளத்துக்கு எதுக்குங்க கண்ணாடி?"

"பின்னாடி வர்ற வண்டிய பாக்க சார்" என்றான் மெக்கானிக்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

கேலரியின் கீழ்ப் படியில், கம்பி வேலிக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே எங்கள் கூட்டம். முதல் வரிசையில் என் மனைவி, மடியில் டிபன் கேரியர். விசில் சத்தம் கேட்டது. முதல் அடி போட்டேன். கண்ணாடிக்குள்ளே மைதானம் எகிறிக் குதித்தது.

அதை எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. கண்ணாடி மாட்டியிருப்பது மேளத்தின் மேல். நான் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கோல் போஸ்ட், ரெஃப்ரி, இரண்டு டீம் பெண்கள், பின்னால் இருந்த கட்டடம் எல்லாம் சேர்ந்து குத்தாட்டம் போட்டன. ஆட்டோ கண்ணாடியில் ஆட்கள் வேறு தம்மாத்தூண்டாகத் தெரிந்தார்கள். வலது இடது எல்லாம் குழம்பிப்போனது. இருந்தாலும் நீலச் சட்டையில் ஒருத்தி ஓரமாகப் பறந்ததைப் பார்த்துவிட்டேன்.

"அதோ பாரு! நம்ம பொண்ணு இன்னாமா ஓட்றா!" என்று மனைவியிடம் கத்தினேன்.

"யோவ், அது வேற பொண்ணு. நம்மாளு அந்தாண்ட கீறா, இடுப்புல கைய வச்சிக்கினு."

அதன் பிறகு கண்ணாடியைக் கவனிக்காமல் என் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் காலரைக் கடித்தான். கடித்தான், கடித்தான், வாயைத் திறந்தான். கோல். நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை. ராயபுரம் அண்ணன் ஊதிய ஊதலில் பக்கத்து மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. என் முதுகு எவ்வளவு ராசியானது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். பாதி ஆட்டம் முடிந்ததும் மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் துண்டை எடுத்து வெட்டி, கிளாம்புக்கு அடியில் மெத்தை போட்டுக் கொடுத்தான். "இப்ப ஆடாது பாரு மாமு." அவன் கைவேலையில் குறை சொல்ல முடியாது. நிஜமாகவே கண்ணாடி ஆடுவது பாதியாகக் குறைந்துவிட்டது. சைடு மாறியதால் என் மகளும் எங்கள் பக்கத்துக் கோட்டோரமாகவே வந்துவிட்டாள். கண்ணாடியில் இப்போது தெளிவாகத் தெரிந்தாள்.

பார்த்தேன். முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். ஒரு கால் சாக்ஸ் மட்டும் வழிந்து வழிந்து இறங்கியது. நடுவில் நின்ற இன்னொரு பெண்ணை அதட்டி இடம் மாறச் சொன்னாள். அந்தக் கை ஜாடை அப்படியே என் மனைவி ரேஷன் வரிசையை அதட்டுகிற ஜாடை. எனக்குச் சிரிப்பு பொங்கியது. என் பெண் இவ்வளவு பெரியவளாகிவிட்டாளா? இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று கை தானாக மெதுவாக அடித்தது. அப்புறம் இன்னும் மெதுவாக. பிறகு அடிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

கண்ணாடியின் ஓரத்தில் எதிர் டீமின் மஞ்சள் சட்டை ஒன்று தோன்றியது. என் மகளை நோக்கி ஓடி வந்தது. வலதுபக்கம் போவதுபோல் காட்டி இடதுபக்கம் போனது. என் மகள் அந்தப் பாவனைக்கு ஏமாந்து ஒரு காலில் சாய்ந்துவிட்டாள். மஞ்சள் சட்டை அவளைத் தாண்டிப் போய்ப் பந்தை உள்ளே தள்ளியது, அவர்களில் இன்னொருத்தி காலால் தட்டினாள். கண்ணாடிக்குள் நம் வலை, ஒரு கைக்குட்டை அளவுக்கு, ஒரு முறை ஆடி அடங்கியது.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஆட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"அந்த ஜன்னலாண்ட குந்திக்கினு இருந்தவரு நம்மள நல்லா கவுத்துட்டாரு மாமு" என்றான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "எதிர் டீமு ஆளு கிட்ட போயி தீர்ப்பு கேட்டோம் பாரு. வடை வேற வாங்கிக் குடுத்தோம்."

வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. என் மகள் இத்தனை நேரம் நன்றாக ஆடியிருக்கிறாள், அதையெல்லாம் பார்க்காமல் அவள் ஏமாந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துத் தொலைத்தேன். அதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? இனி எவன் என்ன சொன்னாலும் சரி, ஆட்டம் முடியும்வரை பார்ப்பதில்லை என்று மேளத்தை இழுத்து மாட்டிக்கொண்டு அடித்தேன். தோல் கிழிந்தாலும் கிழியட்டும் என்று அடித்தேன்.

அடித்துக்கொண்டே வழக்கம்போல முகங்களைப் படிக்க ஆரம்பித்தேன். ராயபுரம் அண்ணன் ஒரு சிலுவை. மெக்கானிக் காலரைத் தொட்டான், விட்டான். பந்து நடுவில் அலைகிறது என்று புரிந்தது. கேலரியில் எல்லாத் தலைகளும் ஒன்றாக இந்தப் பக்கம் திரும்பின, ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின. ஒரே ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. என் மனைவி.

எல்லோரும் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நேரே என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எங்கே போனால் அவளுக்கு என்ன? அவளுக்கு ஆட்டமே தெரியாது. அவள் வந்தது மகளைப் பார்க்க. மகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் முகத்தில் பந்து தெரிந்தது. அவள் முகத்தில் என் பெண் தெரிந்தாள்.

அதற்குப் பிறகு நான் வேறு எந்த முகத்தையும் பார்க்கவில்லை. அவள் புருவம் தூக்கினால் மகள் ஓடுகிறாள். உதட்டைச் சுழித்தால் யாரோ இடித்துவிட்டார்கள். ஒரு தடவை டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் பாதி எழுந்தாள், மகள் விழுந்துவிட்டாள் போலிருக்கிறது. அப்புறம் மூச்சு விட்டு உட்கார்ந்தாள், மகள் எழுந்துவிட்டாள். "வுடாத... வுடாத..." என்று அவள் வாய் முணுமுணுத்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவள் முகத்தை அவ்வளவு நேரம் விடாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆட்டம் முடிகிற நேரம். ராயபுரம் அண்ணன் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிலுவை போட்டார், மறுபடி போட்டார், நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தார். மெக்கானிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கேலரியே எழுந்து நின்றது. எதிராளி தனியாக நம் கோலை நோக்கி வருகிறாள் என்று சொல்ல எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. என் மனைவியின் கண் என் தோளுக்குப் பின்னால் வேகமாக நகர்ந்துகொண்டே போனது. அப்படியென்றால் என் மகளும் துரத்திக்கொண்டு போகிறாள். என் மனைவி கீழ் உதட்டைப் பல்லால் கடித்தாள். முந்தானையைக் கையில் சுருட்டினாள். கண் இமைக்கவில்லை. என் கை நின்றுவிட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. நான் திரும்பவில்லை. அதற்கு நான் பட்ட பாடு, கப்பல் மேல் கன்டெய்னரைக் கட்டுவதற்குக்கூடப் பட்டதில்லை.

திடீரென்று அவள் முகம் விரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, வாய் சிரித்தது. மற்றவர்கள் கத்தியது அதற்குப் பிறகுதான். பந்து எங்கே போனது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டாய்யா" என்றாள் என்னைப் பார்த்து. "அந்த மஞ்சா சட்டை கால்ல இருந்து நேக்கா எடுத்துட்டா. வுயுந்து எயுந்து, மொதல் வேலையா சாக்ஸ இஸ்துக்கினு கீறா பாரு. நீ இன்னா மேளத்த நிறுத்திட்ட? அடி."

அடித்தேன். கண்ணீர் மேளத்தில் விழுந்தது, அது பாட்டுக்கு விழட்டும் என்று அடித்தேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. வெளியூரில் போய்த் தோற்காமல் வந்தால் அது எங்களுக்கு ஜெயித்த மாதிரிதான். கடைசி விசில் ஊதி, மேளத்தைக் கழற்றிக் கீழே வைத்த பிறகும் எனக்குத் திரும்பத் தயக்கமாக இருந்தது. என் மனைவிதான் "வரா. இப்ப திரும்பு" என்றாள்.

திரும்பினேன். கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் முழங்கால் எல்லாம் மண்ணாக வந்து நின்றாள் என் மகள். முகத்தில் சந்தேகம்.

"நைனா, ஒயுங்கா சொல்லு. திரும்புனியா? அந்த கோலு எப்டி வந்துச்சு?"

"கழுத்தக்கூட திருப்பல கண்ணு." அது சத்தியமான வார்த்தை. எனக்குப் பின்னால் மெக்கானிக் கண்ணாடியை மெதுவாகத் தன் முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டான்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நம்பிவிட்டாள். நம்பியதும் முகம் வாடிப்போனது.

"அப்போ கடைசில நான் எடுத்தத நீ பாக்கல."

அவ்வளவு கண்டிப்பாகச் சத்தியம் வாங்கியவள், இப்போது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்கிறாள். பார்த்தேன் என்று சொன்னால் பக்கத்திலேயே என் மனைவி நிற்கிறாள். பார்க்கவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"பாத்தாரு" என்றாள் என் மனைவி.

"திரும்பாம எப்டிம்மா?"

"அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு? பாத்தாருன்னா பாத்தாரு. நான் என்னிக்காவது பீலா வுட்டு கீறனா?"

மகள் என் பக்கம் திரும்பினாள். இன்னும் முழுசாக நம்பவில்லை.

"வுயுந்து எயுந்ததும் மொதல்ல சாக்ஸ இஸ்து வுட்ட" என்றேன். "பால் எங்க போச்சுன்னு கூட நீ பாக்கல."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். சாக்ஸ் மறுபடியும் வழிந்து கணுக்காலில் கிடந்தது. சிரித்துவிட்டாள். என் மனைவி, தராசு முள் சரியாக நின்றால் தலையாட்டுவாளே, அதே மாதிரி ஒரு தடவை தலையாட்டிவிட்டு டிபன் கேரியரைத் திறந்தாள்.